ரோட்டோரக் கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபத்தாறு வருஷம் ரோடு போடும் குத்தகையாளர்களிடம் மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, வேலை பார்த்தவன் நான். மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தின் வடமேற்கில், மூன்று பக்கம் பாமாயில் தரும் செம்பனையும் நாலாவது பக்கம் ஆறுமாக இருக்கும் தோட்டப்புற டவுன் எங்களுடையது. பெயர் வேண்டாம். சொன்னால் யார் வீட்டு முன்னால் இருக்கும் கல் என்பதுவரை கண்டுபிடித்துவிடுவார்கள். ஒட்டுக்கடையில் போய் உட்கார்ந்தால் போதும், "அண்ணே, அந்தக் கல்லு உடைஞ்சு கிடக்கே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். வாயால் சொல்லிச் சலித்துப்போய் எழுதியே வைத்துவிட்டேன்.

எந்தக் கல்லைச் சொல்கிறீர்கள்?

தார் ரோடு முடிந்து நடைபாதையோ புல்லோ தொடங்கும் இடத்தில், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும் உயரத்தில் நீளமாக ஓடுகிறதே, அந்தக் கல். ரோட்டு நடுவில் டிவைடரைச் சுற்றி இருப்பதும் அதுதான். படித்த பிள்ளைகள் கெர்ப் என்பார்கள். மலாயில் பெபெண்டுல் ஜாலான். மலாய்க்காரர் பலகை வீட்டில் வாசலுக்குக் குறுக்கே கீழே கிடக்கும் மரச்சட்டத்துக்குப் பெண்டுல் என்று பெயர். அக்காள் இருக்கத் தங்கைக்கு முதலில் கல்யாணம் ஆனால் 'லங்கா பெண்டுல்', அதாவது வாசற்சட்டத்தைத் தாண்டிவிட்டாள் என்று சொல்லி அக்காளுக்கு ஒரு சீர் செய்வார்கள். அப்படிப் பார்த்தால் இது ரோட்டுக்கு வாசற்படி. நாம் வாசற்படியில் உட்காரக் கூடாது என்போம். இந்தப் படியில் ஊரே உட்காருகிறது, அது வேறு விஷயம்.

பேச்சில் எங்கள் ஊரில் இதைத் திட்டு என்போம். ஆனால் அப்படியே எழுதினால் வரிக்கு வரி யாரோ யாரையோ திட்டுகிற மாதிரி இருக்கிறது. அதனால் இங்கே ஓரக்கல்.

தோட்டத்து ரோட்டில் ஏன் ஓரக்கல் இல்லை?

தேவைப்படவில்லை. தோட்டத்தில் இருப்பது செம்மண் ரோடு. நடுவில் மேடாக, இரண்டு பக்கமும் சரிவாக அடித்துவிடுவார்கள். தண்ணீர் தானாகப் புல்லில் இறங்கி ஓரத்துக் குழிக் கால்வாய்க்குப் போய்விடும். கல்லை வைத்தால் தண்ணீர் ரோட்டிலேயே நிற்கும், டிராக்டர் ஒதுங்க இடமிருக்காது. டவுனில்தான் கடைக்கும் ரோட்டுக்கும், நடப்பவனுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கோடு கிழிக்க வேண்டியிருக்கிறது.

நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், சம்பளம் போட்ட வார சனிக்கிழமை அவரோடு டவுனுக்கு நடந்து வருவேன். தோட்டத்துக்குள் வெறுங்காலோடுதான் நடப்பார். சிலிப்பர் கூடைக்குள் இருக்கும். டவுன் முனையில் முதல் ஓரக்கல் வரும். அப்போது சிமெண்டு இல்லை, கருங்கல். அதில் உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒரு பழந்துணியை எடுத்து விரலிடுக்கில் ஒட்டிய செம்மண்ணைத் துடைத்துவிட்டு, சிலிப்பரை மாட்டிக்கொண்டு எழுந்திருப்பார். திரும்பும்போது அதே கல்லில் கழற்றிக் கூடையில் போட்டுக்கொள்வார். தோட்டத்துச் சனம் நிறையப் பேர் அப்படித்தான். எங்களுக்கு டவுன் தொடங்குவது பெயர்ப்பலகையில் இல்லை, அந்தக் கல்லில்.

உயரம் ஏன் ஆறு அங்குலம்?

150 மில்லிமீட்டர், ஆறு அங்குலம் என்பது உலகத்தில் பல ஊர்களில் வழக்கமான அளவு. அதைவிடக் குறைந்தால் காடி, அதாவது கார், சுலபமாக ஏறிவிடும், தண்ணீரும் வழிந்துவிடும். கூடினால் காடிக் கதவு கல்லில் இடிக்கும், வயசானவர்கள் காலைத் தூக்கி வைக்கச் சிரமப்படுவார்கள். மாடிப்படி ஒன்றின் உயரமும் ஏறக்குறைய இதுதான்.

அளவு சரி, ஆனால் அது நிலைக்காது. ரோடு பழசானால் மேலே புதுத் தார் போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் நாலைந்து சென்டிமீட்டர் ரோடு உயர்கிறது, கல் இருந்த இடத்திலேயே நிற்கிறது. இரண்டு தடவை போட்டால் ஆறு அங்குலக் கல்லில் மூன்று அங்குலம்கூட மிஞ்சாது. 'புது ரோடு போட்டதிலிருந்து வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது கால்வாயை இல்லை, ஓரக்கல் எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதைத்தான். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது போட்டால் இந்தத் தொல்லை வராது. சுரண்ட மிஷின் வேண்டும், மிஷினுக்குக் காசு வேண்டும்.

நெடுஞ்சாலையில் இந்தக் கல் ஏன் இல்லை?

வேகம்தான் காரணம். முப்பது நாற்பதில் போகிற காடியை ஓரக்கல் உரசித் திருப்பிவிடும். நூறில் வருகிற காடி அதே கல்லில் மோதினால் எகிறிவிடும், சில சமயம் கவிழும். அதனால் வேகமான ரோட்டில் அகலமான ஓரமும் இரும்புத் தடுப்பும் வைப்பார்கள். மோட்டார் சைக்கிளுக்கு டவுன் வேகத்திலேயே இந்தக் கல் ஆபத்து. சக்கரம் சாய்வாக உரசினால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். இந்த நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். மழையில் ஓரமாக ஒதுங்கும்போது கல்லை ஒட்டி ஓட்டாதீர்கள்.

காடியைக் கல்லில் ஏற்றி நிறுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: டயரின் பக்கச் சுவர்தான் அதில் மெல்லிய இடம். கல்லில் இடித்தால் உள்நூல் அறுந்து, கொஞ்ச நாளில் முட்டை மாதிரி வீங்கும். ஏற்றாதீர்கள். நடைபாதை காடிக்காகப் போட்டதும் இல்லை.

கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடிப்பது எதற்கு?

இரவில் தெரிவதற்கு. விளக்கில்லாத வளைவில் சாம்பல் நிறச் சிமெண்டும் தாரும் ஒன்றாகிவிடும். ஒரு கல் கறுப்பு, ஒரு கல் வெள்ளை என்று இருந்தால் லைட் வெளிச்சத்தில் வளைவு எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணுக்குப் பிடிபடும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் கல்லின் நிறமே சட்டம் பேசுகிறது: சிவப்பில் நிறுத்தவே கூடாது, நீலம் மாற்றுத் திறனாளிகளுக்கு, பச்சையில் கொஞ்ச நேரம் நிறுத்தலாம். நம் ஊரில் அந்த வேலையைத் தாரில் போட்ட மஞ்சள் கோடு செய்கிறது. கல்லைப் பார்த்துச் சம்மன் எழுத மாட்டார்கள், கோட்டைப் பார்த்துத்தான்.

இன்னொரு பயன் யாரும் திட்டமிட்டு வந்ததில்லை. அம்மன் கோயில் திருவிழாவில் பால்குடம் எடுத்து வரும்போது மணி பன்னிரண்டு ஆகிவிடும். தார் கொதிக்கும். லோரித் தொட்டியிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே வருவார்கள், அது பத்து எட்டுக்குள் காய்ந்துவிடும். அப்போது கூட்டத்தைப் பாருங்கள். மஞ்சள் துணி கட்டிய பிள்ளைகள் ரோட்டை விட்டுக் கல்லில் ஏறி, வெள்ளையில் ஒரு கால், அடுத்த வெள்ளையில் ஒரு கால் என்று தாண்டித் தாண்டிப் போவார்கள். கறுப்பில் வைத்தால் சுடும், வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். இதை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் சாயம் அடிக்க ஆள் விடும்போது, கோயில் ரோட்டில் மட்டும் வெள்ளையை இரண்டு பூச்சு அடிக்கச் சொல்வேன்.

முச்சந்தியில் மட்டும் கல் எப்போதும் உடைந்தே கிடக்கிறதே?

செம்பனைக் குலை ஏற்றிய லோரி. நீளமான லோரி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். மூலை வளைவு இறுக்கமாக இருந்தால் பின்சக்கரம் கல்மேல் ஏறித்தான் இறங்கும். பத்து டன் தினமும் நாலு தடவை ஏறினால் எந்தக் கல் நிற்கும்? மாற்றி மாற்றிப் புதுக்கல் வைப்பது வீண்செலவு. மூலையை அகலமாக வளைக்க வேண்டும், அல்லது அந்த இடத்தில் மட்டும் சாய்ந்த முகமுள்ள, சக்கரம் ஏறக்கூடிய வகைக் கல்லை வைக்க வேண்டும். எங்கள் டவுன் மாட்டு வண்டிக் காலத்தில் போட்ட அளவு, லோரி அதைவிடப் பெரியது.

இந்தக் குவாலா சிலாங்கூர் வட்டாரத்தில்தான் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கியது. 1917இல், ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர், தென்னமரம் தோட்டத்தில். பெயர் தென்னமரம், நட்டது செம்பனை. நூறு வருஷத்துக்கு மேலாகக் குலை இந்தப் பக்கத்து ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது. போகும்போது உதிரிப் பழம் சிந்தி, ஓரக்கல் அடியில் வரிசையாகக் கிடக்கும். மிதித்தால் எண்ணெய் கசியும், மழை பெய்தால் வழுக்கும். மோட்டாரில் போகிறவர்கள் அந்தச் சிவப்பைக் கண்டால் தள்ளிப் போவது நல்லது.

கல்லில் நடுநடுவே இருக்கும் ஓட்டை எதற்கு?

ரோட்டுத் தண்ணீர் கால்வாய்க்குப் போகும் வாசல் அது. மலேசியத் தீபகற்பத்தில் வருஷத்துக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை. அதுவும் ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர் மாதங்களில் மேற்குக் கரையில் மாலை நாலு மணிக்கு இடியோடு வந்தால் அரை மணியில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த அரை மணி ரோடே ஒரு வாய்க்கால், ஓரக்கல் அதன் கரை. ஓட்டை அடைத்தால் கரை இருந்தும் பிரயோசனம் இல்லை.

அடைப்பது யார்? நாம்தான். பால்குடத்து முன்னால் உடைத்த தேங்காய் ஓடு, பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை முடிந்ததும் பிளாஸ்டிக் பை, வெட்டிய புல். இரும்புக் கம்பி மூடி இருந்தால் அதையும் பழைய இரும்புக்குப் பெயர்த்துக்கொண்டு போகிறான் ஒருவன். அப்புறம் குப்பை நேராகக் குழிக்குள். குழியில் தெளிந்த தண்ணீர் தேங்கினால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தேங்காய் ஓடு ஒன்றில் நிற்கும் தண்ணீரே அதற்குத் தாராளம். கொசு வளர விட்டதற்காக வீட்டுக்காரருக்கே தண்டம் போட 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், மழைக்கு முன் வீட்டுக்கு ஒருவர் ஒரு குச்சியோடு வந்து, ஆளுக்கு ஓர் ஓட்டையைக் குத்திவிட்டுப் போவது வழக்கம். அதற்குக் கோத்தோங் ரோயோங், அதாவது கூட்டுச் சிரமதானம், என்ற பதாகை எதுவும் வேண்டியதில்லை.

சக்கர நாற்காலி இறங்க எவ்வளவு சரிவு வேண்டும்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்க வேண்டும், குறைவாகக் கேட்கிறார்கள்.

ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு அங்குலம் உயர்ந்தால் பன்னிரண்டு அங்குலம் நீளம். ஆறு அங்குலக் கல்லுக்கு ஆறு அடி, 1.8 மீட்டர். அதற்குமேல் செங்குத்தாகப் போகக் கூடாது. சரிவின் கீழ்முனை தாரோடு தாராகப் படிந்திருக்க வேண்டும். நாற்காலியின் முன்சக்கரம் உள்ளங்கை அகலம்தான், ஓர் அங்குலப் படியில் முட்டினாலும் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார்.

அளவு எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிளினிக் இருக்கும் கடை வரிசையில் சரிவு போடும் வேலை எங்கள் ஆட்களிடம் வந்தது. ஆறடி நீளத்துக்கு இடமில்லை, வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கச் சொன்னார்கள். இரண்டடியில் இறக்கினோம். அதாவது ஒன்றுக்கு நாலு. மேலே ஏறினால் நேர் எதிரே விளக்குத் தூண். வேலை வரைபடத்தில் சரிவு என்று எழுதியிருந்தது, நாங்களும் ஒரு சரிவைப் போட்டுவிட்டோம்.

ஏழு வருஷம் கழித்து அம்மாவுக்குப் பக்கவாதம். அதே கிளினிக், அதே சரிவு. முன்னால் தள்ளினால் ஏறவில்லை. திருப்பி, பின்பக்கமாக இழுத்தேன். பாதியில் என் சிலிப்பர் வழுக்கியது. பழக்கடைத் தம்பி ஓடிவந்து நாற்காலியைப் பிடித்தான். அம்மாவுக்குப் பேச்சு சரியாக வராத நேரம். வலது கையால் தூணைத் தொட்டுக் காட்டி, "இத யாருடா நட்டது?" என்பதுபோல் என்னைப் பார்த்தார். தூணை நட்டது வேறு ஆள், சரிவைப் போட்டது நான். அதைச் சொல்லவில்லை.

சரிவு வெட்டுவது புதுக் கதை இல்லை. அமெரிக்காவில் கலமசூ என்ற ஊரில் 1940களிலேயே, போரில் காலிழந்து வந்தவர்களுக்காகக் கல்லை வெட்டினார்கள். 1970களின் தொடக்கத்தில் பெர்க்லி நகரில் சக்கர நாற்காலி மாணவர்கள் போராடி ஊர் முழுக்க வெட்ட வைத்தார்கள். வெட்டிய பிறகு பார்த்தால் தள்ளுவண்டிக் குழந்தை, சாமான் வண்டி, பெட்டி இழுப்பவர் என்று எல்லாரும் அந்த வழியாகத்தான் போனார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான், கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், உருட்டுகிறவர்கூட அந்த மோசமான சரிவைத் தேடித்தான் வருகிறார். மலேசியாவில் 2008இல் மாற்றுத் திறனாளிகள் சட்டம் வந்தது, வடிவமைப்புக்கு எம்எஸ் 1184 என்ற தர அளவும் இருக்கிறது. தாளில் குறையில்லை. ஆறடி இடத்தை விடுவதற்குத்தான் மனசு வருவதில்லை.

அந்த மஞ்சள் புள்ளி ஓடு?

கண் தெரியாதவர்களுக்கு. நீளக் கோடு என்றால் நேரே போகலாம், புள்ளி என்றால் நிற்க வேண்டும், முன்னால் ரோடு. ஜப்பானில் செய்இச்சி மியாகே 1965இல் உருவாக்கி, 1967இல் ஒக்கயாமா நகரில் முதலில் பதித்தார். கல்லைச் சரிவாக்கியதும் கண் தெரியாதவருக்கு ரோடு எங்கே தொடங்குகிறது என்று காலுக்குத் தெரியாமல் போய்விடுகிறது, அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் போட வேண்டும். அந்த ஓட்டின்மேல் மோட்டாரை நிறுத்துகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

அஞ்சடியும் இதுவும் ஒன்றா?

இல்லை. அஞ்சடி என்பது கடைக்கு முன்னால் கூரைக்குக் கீழே விட்ட நடைவழி, மலாயில் காக்கி லீமா. 1822இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்தபோது ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் போட்ட உத்தரவிலிருந்து வந்த பழக்கம், மலாயா டவுன்களுக்கும் பரவியது. வரிசை இப்படி: கடை, அஞ்சடி, கால்வாய், ஓரக்கல், ரோடு. பழைய கடைகளில் ஒவ்வொருவர் அஞ்சடியும் ஒவ்வொரு உயரம். அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஓரக்கல்லைக் குறை சொல்லாதீர்கள்.

என் வீட்டு முன்னால் பூந்தொட்டி, கோன் வைத்து இடம் பிடிக்கலாமா? இரும்புத் தட்டு போடலாமா?

தொட்டியும் கோனும் கூடாது. 1974ஆம் ஆண்டு சாலை, கால்வாய், கட்டடச் சட்டத்தின் 46ஆம் பிரிவு பொது இடத்தில் தடை வைப்பதைக் குற்றம் என்கிறது. ரோடு உங்கள் வீட்டு முன்னால் இருக்கிறது, உங்களுடையது இல்லை. காடி ஏறக் கல்லோரம் சிமெண்டு கொட்டிச் சரிவு செய்வதும் அதே கணக்கு. தண்ணீர் போகும் தடத்தை அது மறித்து, மேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் குளம் கட்டும். கழற்றி எடுக்கக்கூடிய தட்டு வைத்து, காடி ஏறியதும் எடுத்துவிடுங்கள். எதிர்வீட்டு அக்கா அப்படித்தான் செய்கிறார், பத்து வருஷமாகச் சண்டை இல்லை.

கல்லில் உட்காருவது தப்பா?

தப்பென்று சொன்னால் எங்கள் ஊர் காலியாகிவிடும். காலை ஆறரைக்குப் பள்ளிப் பஸ்ஸுக்குப் பிள்ளைகள், பையைக் கல்லில் வைத்துவிட்டு அவர்கள் நிற்பார்கள். பத்து மணிக்குப் பென்ஷன்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து வரும் வங்காளதேசத் தம்பிகள், போனில் வீட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பாட்டி சிலிப்பர் மாட்டிய முனையும் அதுதான், கருங்கல்லுக்குப் பதில் சிமெண்டு. ஒன்று மட்டும்: காலை ரோட்டுப் பக்கம் நீட்டாதீர்கள், புல் பக்கம் திரும்பி உட்காருங்கள். லோரியின் பின்சக்கரத்தைப் பற்றி மேலே சொன்னேன்.

உடைந்த கல்லை யாரிடம் சொல்வது?

முதலில் ரோடு யாருடையது என்று பாருங்கள். ஊருக்கு ஊர் போகும் பெரிய ரோடு பொதுப்பணி இலாகா. தாமான் உள்ரோடு ஊராட்சி மன்றம். தோட்டத்து ரோடு கம்பெனியுடையது, அங்கே கல்லே இல்லை. மாநில ரோடுகளைப் பராமரிக்க மத்திய அரசு தரும் பணம் மாரிஸ் என்ற பதிவேட்டில் இருக்கும் ரோட்டுக்குத்தான் வரும். பதிவாகாத சந்துக்கு எத்தனை மனு போட்டாலும் 'பட்ஜெட் இல்லை' என்றுதான் பதில் வரும், அப்போது முதலில் பதியச் சொல்லிக் கேளுங்கள். புகாரில் 'கோயில் பக்கத்தில்' என்று எழுதாதீர்கள். எங்கள் ஊரில் ஆறு கோயில். பக்கத்து விளக்குத் தூணின் எண்ணை எழுதி, கல்லின் பக்கத்தில் சிலிப்பரை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். உடைப்பு எவ்வளவு பெரிசு என்று சிலிப்பர் சொல்லிவிடும்.

ஈரச் சிமெண்டில் பெயர் எழுதலாமா?

எழுத முடியாது. கல் தொழிற்சாலையிலிருந்து வார்த்து, காய்ந்துதான் வருகிறது. வளைவில் மட்டும் அளவுக்குக் கல் கிடைக்காமல் அங்கேயே வார்ப்போம், அதைத்தான் காதலர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். எழுதினால் மண்டோருக்குத்தான் ஏச்சு. தமிழ்ப்பள்ளி வளைவில் நாங்கள் வார்த்த இடத்தில் பெயர் இல்லை, கோழிக்கால் தடம் ஏழு இருக்கிறது. மறுபடி பூசியிருக்கலாம். மணி ஆறரை ஆகிவிட்டது, சிமெண்டும் தீர்ந்துவிட்டது.